இளநீரும் ரத்தக் கட்டியும்

நீலகிரிக்கு ஒரு தொல்லை உண்டு. சமவெளியில் விலை போகாத சரக்கின் மேல் 'மலை' என்ற ஒரு சொல்லை ஒட்டிவிட்டால் அது இங்கே விலை போய்விடுகிறது. மலைத்தேன், மலைப்பூண்டு, தைலம் என்று இருந்த வரையில் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. தேனில் வெல்லப்பாகு கலந்தால் நாக்குக்குத்தான் நஷ்டம். இப்போது கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் பாதையில், அரவேணுவைச் சுற்றியுள்ள தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே, மலை வைத்தியமும் விற்பனைக்கு வந்திருக்கிறது. இதை விற்கிறவர் மூலிகைக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தையில் உட்காரும் பழைய ஆசாமியாக இருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். இவர் புதிய மனிதர். வெள்ளைச் சட்டை போட்டவர். பொட்டாசியம், மக்னீசியம், எலக்ட்ரோலைட் என்று பேசுகிறவர். இதயம் தாறுமாறாகத் துடிக்கிறதா, வாருங்கள்; வாழைப்பழமும் இளநீரும் பேரீச்சம்பழமும் ஒரு பொடியும் தருகிறேன், தொண்ணூறே நாளில் துடிப்பு சீராகும், ஆஸ்பத்திரி மாத்திரைகளைக் குப்பையில் போடலாம் என்கிறார்.

இவர் பேச்சில் பாதி உண்மை. முழுப் பொய்யாக இருந்தால் சிரித்துவிட்டு ஒரு டீ குடிக்கப் போயிருக்கலாம். பாதி உண்மை என்பதால்தான் படித்தவர்கள் கையில் பணத்தோடு போகிறார்கள்.

முதலில் நோயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டாக்டர்கள் இதை ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பார்கள். தமிழில் மேலறை நடுக்கம் என்று வைத்துக்கொள்வோம். எங்களைப் போன்ற கதைக்காரர்கள் 'அவள் இதயம் படபடத்தது' என்று ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறோம். இது அந்தப் படபடப்பு இல்லை. இதயத்தின் மேல் அறைகள் இரண்டும், எங்கிருந்து துடிக்க வேண்டுமோ அங்கிருந்து வரும் ஒரே உத்தரவுக்குக் கட்டுப்பட்டுச் சுருங்க வேண்டியவை. மாலையில் கொழுந்து எடை போடும் இடத்தில் மேஸ்திரி ஒருவர் மட்டும் பெயர் கூப்பிட்டால் வரிசை ஒழுங்காக நகரும். வரிசையில் நிற்கும் 300 பேரும் ஒரே நேரத்தில் பெயர் கூப்பிட ஆரம்பித்தால் எப்படியிருக்கும்? மேலறைத் தசை நிமிஷத்துக்கு 350 தடவைக்கு மேல் துடிதுடித்து, ஒரு தடவைகூட உருப்படியாகச் சுருங்காமல் வெறுமனே நடுங்குகிறது. கீழறைக்குப் போகும் வழியில் ஒரு காவலாள் இருப்பதால் அத்தனை உத்தரவும் கீழே போவதில்லை. ஆனால் போகிறவை எவ்வித ஒழுங்குமின்றிப் போகின்றன. நாடியைத் தொட்டால் அது நொண்டும், ஓடும், நிற்கும், மறுபடி ஓடும்.

இதனால் வரும் கேடு இரண்டு. ஒன்று நாம் உணர்வது: படபடப்பு, மூச்சிரைப்பு, களைப்பு; நாள்பட்டால் இதயமே தளர்ந்துபோவது. மற்றது நாம் உணராதது. இடது மேலறையில் காது மடல் போல ஒரு சிறு பை தொங்குகிறது. அறை சுருங்காமல் நடுங்கும்போது அந்தப் பைக்குள் ரத்தம் தேங்குகிறது. தேங்கிய ரத்தம் கட்டி தட்டுகிறது. கட்டி ஒரு நாள் பெயர்ந்து, நேரே மூளைக்குப் போகிறது. அமெரிக்காவில் ஃபிரேமிங்காம் என்ற ஊர் மக்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்து பார்த்ததில், இந்த நடுக்கம் உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய 5 மடங்கு என்று கண்டார்கள். வாதக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கியவர்களுக்கு அது 17 மடங்கு.

துடிப்பு ஒன்று, கட்டி ஒன்று. மலை வைத்தியர் இந்த இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டி விற்கிறார். அதுதான் என் வழக்கு.

அவர் சொல்லும் பாதி உண்மையை முதலில் அவருக்குக் கொடுத்துவிடுவோம். இதயத் தசையின் மின்னோட்டம் சோடியம், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் ஆகிய உப்புகள் செல்லுக்கு உள்ளும் புறமும் போய்வருவதால் நடப்பது. ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். குறைந்தாலும் இதயம் தடுமாறும், கூடினாலும் தடுமாறும். கால் வீக்கத்துக்காகவும் ரத்தக் கொதிப்புக்காகவும் நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் பொட்டாசியம் சிறுநீரோடு போகிறது. டிஜாக்சின் சாப்பிடுகிறவருக்குப் பொட்டாசியம் குறைந்தால் அந்த மருந்தே விஷமாகும். 'கேஸ்' என்று சொல்லிக்கொண்டு காலையில் வெறும் வயிற்றில் வருஷக்கணக்காகப் பலர் போட்டுக்கொள்கிறார்களே, அந்த அமிலக் குறைப்பு மாத்திரை சிலருக்கு மக்னீசியத்தைக் குறைக்கும். இவையெல்லாம் மெய். டாக்டர்கள் இதற்காக ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுக்க மறந்தால் அது அவர்கள் குற்றம்.

ஆனால் இதிலிருந்து வாழைப்பழத்துக்கு எப்படித் தாவுவது? உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 3,510 மில்லிகிராம் பொட்டாசியம் உணவில் வேண்டும் என்கிறது. ஒரு வாழைப்பழத்தில் இருப்பது சுமார் 400. மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டைஊசி வளைவெல்லாம் ஏறி வரும் அந்தப் பழத்தைவிட, அரவேணுக்காரர் வீட்டு வாசலில் விளைகிற உருளைக்கிழங்கில், எடைக்கு எடை பார்த்தால், பொட்டாசியம் அதிகம். அவரையிலும் உண்டு, ராகியிலும் உண்டு, கீரையிலும் உண்டு. படுகர் வீட்டுச் சாப்பாட்டில் இல்லாத என்ன பொட்டாசியத்தை இந்த மனிதர் கூடையில் கொண்டுவந்து விற்கிறார்? உருளைக்கிழங்குக்கு மகிமை சொன்னால் கட்டணம் வாங்க முடியாது என்பது தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

பொட்டாசியத்தை உயரத்தில் நிறுத்தினால் நடுக்கம் வராதா என்று உண்மையாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இதய பைபாஸ் அறுவை முடிந்தவர்களுக்கு இந்த நடுக்கம் அடிக்கடி வருவது. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் 1,690 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பொட்டாசியம் 4.5க்குக் கீழே இறங்கியவுடனேயே ஏற்றினார்கள்; மற்றப் பிரிவுக்கு 3.6க்குக் கீழே இறங்கினால்தான். 2024இல் முடிவு வெளியாயிற்று. நடுக்கம் வந்தவர்கள் இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவு, நூற்றுக்கு 26, 28. டென்மார்க்கில் 2025இல் வெளியான இன்னொரு ஆராய்ச்சி பொட்டாசியத்தின் பக்கம் பேசுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அது நெஞ்சில் அதிர்வுக் கருவி பொருத்திய 1,200 பேரிடம், முக்கியமாகக் கீழறையின் கோளாறுகளுக்காக, உணவோடு மாத்திரையும் கொடுத்து, ரத்தத்தைத் திரும்பத் திரும்பச் சோதித்துச் செய்தது. இளநீர்க் கடையில் செய்யக்கூடிய காரியமல்ல. இளநீரும் சாதாரணப் பண்டமல்ல. ஒரு காயில் ஒரு வாழைப்பழத்தைவிட அதிகப் பொட்டாசியம் இருக்கலாம். சர்க்கரை நோயால் சிறுநீரகம் பாதி கெட்டவர், ரத்தக் கொதிப்புக்கு டெல்மிசார்ட்டனோ ஸ்பைரனோலாக்டோனோ சாப்பிடுகிறவர், நாளைக்கு மூன்று இளநீர் குடித்து, கூடவே சோடியம் குறைந்த உப்பு என்று விற்கும் பொட்டாசிய உப்பையும் சோற்றில் போட்டுக்கொண்டால், அவருடைய இதயம் நடுங்குவதோடு நிற்காது, நின்றே போகலாம். மக்னீசியத்தின் கதையும் இப்படித்தான். அவசர சிகிச்சையில் நரம்பு வழியாக ஏற்றினால் துடிப்பின் வேகத்தைத் தணிக்க உதவுகிறது. அதற்காக வருஷம் முழுவதும் பொடி தின்றால் நடுக்கம் வராது என்று யாரும் நிரூபிக்கவில்லை.

உணவால் ஒன்றுமே ஆகாது என்று நான் சொல்ல வரவில்லை. ஆகும், ஆனால் கூடையில் வைத்து விற்கக்கூடிய எதனாலும் ஆவதில்லை. ஆஸ்திரேலியாவில் அடிலெய்ட் நகரத்து டாக்டர்கள் உடல் பருத்த 355 நோயாளிகளைப் பார்த்தார்கள். எடையில் நூற்றுக்கு 10 பங்கோ அதற்கு மேலோ குறைத்து அதைக் காப்பாற்றியவர்கள், நடுக்கமின்றி இருக்கும் வாய்ப்பு 6 மடங்கு கூடியது என்று 2015இல் எழுதினார்கள். அதே நாட்டில் தொடர்ந்து குடிப்பவர்கள் 140 பேரில் பாதிப் பேரைக் குடியை விடச் சொன்னார்கள். ஆறு மாதத்தில், குடித்தவர்களில் நூற்றுக்கு 73 பேருக்கு நடுக்கம் திரும்பியது. விட்டவர்களில் 53 பேருக்கு. ஆக, குறைவாகத் தின்பதும் குடிக்காமல் இருப்பதும் மருந்துதான். இதற்கு யார் கடை வைப்பார்கள்? கடையில் கிடைக்கும் மீன் எண்ணெய் மாத்திரையோ, இதயத்துக்கு நல்லது என்று அதிக அளவில் விழுங்கியவர்களுக்கு இந்த நடுக்கத்தையே சற்றுக் கூட்டியிருக்கிறது.

டீ, காப்பி பற்றி ஒரு வார்த்தை, இது தேயிலை பூமி என்பதால். தோட்டத்தில் வேலை செய்யும் பெண்ணிடம் "டீயை விட்டுடும்மா" என்று சொல்லும் டாக்டர்கள் உண்டு. காப்பியை வைத்துச் சோதித்ததில், நடுக்கத்தை மின் அதிர்ச்சியால் சீராக்கிய 200 பேரில், தினம் ஒரு கோப்பையாவது குடித்தவர்களைவிட அறவே விட்டவர்களுக்குத்தான் அதிகமாகத் திரும்பியது என்று 2025இல் முடிவு வந்தது. படபடப்பைக் கிளப்பாத வரையில் ஒரு டம்ளர் டீயை அந்தப் பெண்ணிடமிருந்து பிடுங்க யாருக்கும் உரிமை இல்லை.

இப்போது கட்டிக்கு வருகிறேன். அரவேணுவுக்குச் சற்று மேலே ஒரு பெரியவர் இருக்கிறார். எஸ்டேட்டில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். என் கதைகளைப் படித்து, தேயிலை பற்றி நான் எழுதும் பிசகுகளைக் கார்டில் எழுதி அனுப்புகிறவர். சர்க்கரை உண்டு, ரத்தக் கொதிப்பு உண்டு, அறுபத்தாறு வயதில் இந்த நடுக்கமும் வந்தது. ஆஸ்பத்திரியில் துடிப்பைத் தணிக்க ஒரு மாத்திரையும், ரத்தம் கட்டி தட்டாமல் இருக்க ஒரு மாத்திரையும் எழுதினார்கள். எதற்கு எது என்று சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை. பிறகு மலை வைத்தியத்தைக் கேள்விப்பட்டுப் போனார். வைத்தியர் அவரை நடக்கச் சொன்னார், ராத்திரிச் சோற்றைக் குறைக்கச் சொன்னார், இளநீர் கொடுத்தார். இரண்டாவது மாத்திரை எலி விஷம் என்றும் சொன்னார். பெரியவர் 4 கிலோ இளைத்தார். படபடப்பு போயிற்று. எனக்குச் சந்தோஷமாக ஒரு கார்டு வந்தது. மூன்றாம் மாதம் ஒரு காலையில் பத்திரிகை கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் எழவில்லை. மழைக்காலம். பாதையில் மண் சரிந்து வண்டிகளை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டிருந்தார்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நல்ல நாளிலேயே அங்கிருந்து கோயம்புத்தூருக்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. அன்று நாலரை மணி நேரம் வழியிலேயே கழிந்தது.

நான் போய்ப் பார்த்தபோது வலது கையும் பேச்சும் போயிருந்தன. அவருடைய மனைவி ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"நாடி நல்லாத்தான் ஓடுச்சு தம்பி. அவரே தெனமும் எண்ணி எழுதி வெச்சிருக்கார், பாருங்க. எழுபத்திரண்டு, எழுபது, எழுபத்தி நாலு. கோளாறே இல்லை."

"எண்ணிக்கை சரியாத்தான் இருக்கும்மா."

"அப்புறம் எப்படி?"

கணக்கெழுதின கை, ஒரு நாள் விடாமல் எழுதியிருந்தார். முந்தின நாள் மாலை வரை இருந்தது. நான் துடிப்பு வேறு, கட்டி வேறு என்று எனக்குத் தெரிந்த மட்டில் சொன்னேன். அந்த அம்மாள் கேட்டுவிட்டு, "இதை அப்பவே யாராச்சும் இப்படிச் சொல்லியிருந்தா அவர் கேட்டிருப்பாரே, தம்பி. கணக்குன்னா அவருக்குப் புரியுமே" என்றார்.

நாடி சீராகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துவது அரவேணுவில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவிலும் கனடாவிலும் 4,060 நோயாளிகளை வைத்து, துடிப்பை மீண்டும் சீராக்குவது நல்லதா, சீரின்மையை விட்டுவிட்டு வேகத்தை மட்டும் தணிப்பது நல்லதா என்று சோதித்து 2002இல் முடிவு வெளியிட்டார்கள். உயிர் பிழைப்பதில் சீராக்கியவர்களுக்கு மேன்மை ஒன்றும் தெரியவில்லை. இரு பிரிவிலும் பக்கவாதம் கண்டவர்களில் பெரும்பாலோர், ரத்த உறைவைத் தடுக்கும் மருந்தை நிறுத்தியிருந்தவர்களும் போதாமல் சாப்பிட்டவர்களும்தான். பெரிய பெரிய ஆஸ்பத்திரிகளின் மேற்பார்வையில், விலை உயர்ந்த மருந்துகளால் துடிப்பைச் சீராக்கியவர்களுக்கே இந்தக் கதி. இளநீரால் சீராக்கியவர்களுக்கு அதிகச் சலுகை உண்டா?

எலி விஷம் என்ற பயமுறுத்தலையும் பார்த்துவிடுவோம். அது பொய்யல்ல. 1920களில் வட அமெரிக்கப் பண்ணைகளில் மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. பூஞ்சை பிடித்த இனிப்புக் கிளோவர்ப் புல்லைத் தின்ற மாடுகள். 1933இல் விஸ்கான்சினில் ஒரு விவசாயி, உறையாத ரத்தத்தைப் பால் கேனில் பிடித்துக்கொண்டு பனிப்புயலில் சர்வகலாசாலைக்குப் போய்ச் சேர்ந்தார். கார்ல் பால் லிங்க் என்ற ரசாயனப் பேராசிரியர் வருஷக்கணக்கில் உழைத்து அந்தப் புல்லில் இருந்த பொருளைப் பிரித்தார். அதன் வழியில் பிறந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது. 1954இல் மனிதருக்கு மருந்தாயிற்று. மறு வருஷம் மாரடைப்பு கண்ட அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கே கொடுத்தார்கள். நம் ஊரில் பரவலாகக் கொடுக்கும் அசிட்ரோம் அதன் நெருங்கிய உறவு. ஆக, மலை வைத்தியர் தூஷிக்கிற மாத்திரை ஒரு பச்சைப் புல்லிலிருந்து வந்தது. அவர் புகழ்கிற இயற்கையின் சொந்தப் பிள்ளை. விஷமும் மருந்தும் அளவில்தான் பிரிகின்றன என்பது சித்த வைத்தியம் தெரிந்தவருக்குப் புதிய செய்தியா? இந்த மருந்து அந்த அளவில் பக்கவாதத்தை மூன்றில் இரண்டு பங்கு குறைக்கிறது.

பூண்டு ரத்தத்தை இளக்கும் என்கிறார்கள். ஆஸ்பிரின் அதைவிடப் பன்மடங்கு பலமானது அல்லவா? அந்த ஆஸ்பிரினே இந்தக் கட்டிக்குப் போதவில்லை. வார்ஃபரின் ஒத்துக்கொள்ளாதவர்கள் 5,599 பேரில் பாதிப் பேருக்கு ஆஸ்பிரினும் பாதிப் பேருக்கு அபிக்ஸபானும் கொடுத்துப் பார்த்தார்கள். பக்கவாதமும் அதைப் போன்ற அடைப்பும் ஆஸ்பிரின் பிரிவில் வருஷத்துக்கு நூற்றுக்கு 3.7, அபிக்ஸபானில் 1.6. பெரிய ரத்தக் கசிவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. இது 2011இல் தெரிந்த விஷயம். நீலகிரிப் பூண்டு குழம்புக்கு அருமையானது. அதற்கு மேல் அதன் தலையில் சுமையேற்ற வேண்டாம்.

'இந்த மலையிலேயே மருந்து இருக்கிறது' என்பது வைத்தியரின் பிரசங்கத்தில் மங்களச் சொல். இருக்கத்தான் செய்தது. அவருக்குத் தெரியாத ஒரு சரித்திரத்தைச் சொல்கிறேன். 1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென் அமெரிக்காவிலிருந்து சிங்கோனாக் கன்றுகளைக் கொண்டுவந்தார். ஊட்டித் தாவரவியல் பூங்காவின் மேற்பார்வையாளர் மக்கைவர் அவற்றைத் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்த்தார். மரப்பட்டையிலிருந்து மலேரியாவுக்குக் கொய்னா எடுத்தார்கள். 1914இல் டாக்டர் வெங்கபாக் ஒரு சம்பவத்தை எழுதினார்: கீழ்த்திசை நாடுகளில் வியாபாரம் செய்து பழகிய ஒரு டச்சுக்காரர் அவரிடம் வந்து, 'என் துடிப்பை உங்களால் சீராக்க முடியாவிட்டால் போகட்டும், நாளைக்கு நானே சீராக்கிக்கொண்டு வருகிறேன்' என்ற பாவனையில் சொல்லிவிட்டுப் போய், ஒரு கிராம் கொய்னா விழுங்கி, மறுநாள் சீரான நாடியோடு வந்து நின்றாராம். 1918இல் வால்டர் ஃபிரே, அதே பட்டையில் உள்ள குவினிடின் இன்னும் வலியது என்று கண்டார். மேலறை நடுக்கத்துக்கு உலகம் கண்ட முதல் நல்ல மருந்து இந்த மலையில் வளர்ந்த மரத்தின் பட்டையில் இருந்தது!

அந்தக் கதையின் பின்பகுதிதான் நமக்கு வேண்டியது. எழுபது வருஷத்துக்கு மேல் டாக்டர்கள் குவினிடினைக் கொடுத்தார்கள். துடிப்பு சீராவதைக் கண்ணால் பார்த்தார்கள், திருப்தியடைந்தார்கள். 1990இல் 6 ஆராய்ச்சிகளிலிருந்து 808 நோயாளிகளின் கணக்கைச் சேர்த்துக் கூட்டிப் பார்த்தார்கள். ஒரு வருஷ முடிவில் குவினிடின் சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்குச் சீரான துடிப்பு. சாப்பிடாதவர்களில் கால்வாசிப் பேருக்குத்தான். ஆனால் இறந்தவர்கள், சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 2.9, சாப்பிடாதவர்களில் 0.8. நாடி சீரானவர்கள் அதிகமாகச் செத்தார்கள். இயற்கையான பட்டை, இந்த மண்ணில் விளைந்தது, கண்ணெதிரே பலன் தந்தது. கூட்டிப் பார்த்தால் கணக்கு இப்படி. கூட்டிப் பார்க்கிற வழக்கம் டாக்டர்களுக்கு இருந்ததால்தான் அந்த மருந்து பின்னுக்குப் போயிற்று. மலை வைத்தியர் தம் கணக்கை எந்த நோட்டில் கூட்டுகிறார்?

அவரிடம் கேட்டால், 'என்னிடம் வந்தவர்கள் நன்றாக இருக்கிறார்களே' என்பார். இருப்பார்கள். ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து எதுவும் சாப்பிடாத இந்த நோயாளிகள் நூறு பேரை ஒரு வருஷம் சும்மா விட்டுவைத்தால், சராசரி 4, 5 பேருக்குத்தான் பக்கவாதம் வரும். மற்ற 95 பேரும் ஒன்றும் செய்யாமலே நன்றாக இருப்பார்கள். இளநீரால் பிழைத்தேன் என்று மேடையேறிச் சாட்சி சொல்வார்கள். அந்த ஐந்து பேர் கூட்டத்துக்கு வருவதில்லை. என் பெரியவருக்கு வரும் ஆசை இருந்தாலும் பேச வாய் இல்லை.

வைத்தியரை இவ்வளவு ஏசிவிட்டு டாக்டர்களை வாழ்த்தி அனுப்பினால் நியாயமாகாது. அவருடைய கடைக்கு ஆள் சேர்ப்பதே இவர்களுடைய மௌனம். பேசுகிற போதும் பாதி தவறாகப் பேசுகிறார்கள். அசிட்ரோம் சாப்பிடுகிறவரிடம் 'கீரையே தொடாதே' என்று உத்தரவு போடுவது ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. கீரையில் உள்ள வைட்டமின் கே ரத்தம் உறைய உதவுவது, மாத்திரை அதைத் தடுப்பது என்பது சரி. அதற்காகக் கீரையை நிறுத்த வேண்டியதில்லை. வாரம் வாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட்டால் போதும். மாத்திரையின் அளவை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். ஒரு மாதம் பத்தியம், அடுத்த மாதம் கலியாண விருந்து என்று தாவினால்தான் ஆபத்து. கீரையும் அவரையும் தின்று வளர்ந்த ஊரில் கீரையை விலக்கினால், மனிதன் நாலு நாள் விலக்குவான், ஐந்தாம் நாள் மாத்திரையை விலக்கிவிடுவான். சொல்ல வேண்டிய எச்சரிக்கை வேறு: வயிற்றுப்போக்குக்கு மெட்ரோநிடசோல், மூட்டு வலிக்கு வலி மாத்திரை என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டால், அசிட்ரோமோடு சேர்ந்து ரத்தம் கசியும். அதை எத்தனை பேர் சொல்கிறார்கள்?

இன்னொன்று. நகரத்து டாக்டர்களும் நகரத்துப் பத்திரிகைகளும் இந்த நோயைப் பருத்த பணக்காரக் கிழவர்களின் நோய் போல எழுதுகிறார்கள். இந்தியாவில் 2011, 2012ஆம் ஆண்டுகளில் 1,537 நோயாளிகளைப் பதிவு செய்து பார்த்ததில் சராசரி வயது 55ஐத் தொடவில்லை. கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு வாதக் காய்ச்சலால் கெட்ட வால்வு. அந்தக் காய்ச்சல் எங்கிருந்து வருகிறது? நெருக்கமான வீட்டில், ஒரு குழந்தையின் தொண்டைப் புண் இன்னொரு குழந்தைக்குத் தொற்றி, மருந்தின்றி விடப்படுவதிலிருந்து. தோட்டத்து லயன் வீட்டில் ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிறார்கள். அங்கே பத்து வயதில் தொண்டை புண்ணான பெண், முப்பத்தைந்து வயதில் கொழுந்துக் கூடையோடு சரிவு ஏறும்போது மூச்சு வாங்கி நிற்கிறாள். அவளுக்கு எடைக் குறைப்பு என்ன செய்யும், மக்னீசியப் பொடி என்ன செய்யும்? அவளுக்குப் புதிய மாத்திரைகூடச் சரிப்படாது. வாதக் காய்ச்சலால் இதயம் கெட்டு நடுக்கம் வந்த 4,500க்கு மேற்பட்டவர்களை 24 நாடுகளில் சோதித்து 2022இல் வெளியிட்ட முடிவில், புதிய ரிவரோக்ஸபானைவிட வார்ஃபரின் வகைப் பழைய மாத்திரை சாப்பிட்டவர்களிடம்தான் சாவு குறைவாக இருந்தது. வால்வு நன்றாக உள்ளவர்களுக்குப் புதிய மாத்திரைகள் நல்லவை; காப்புரிமை முடிந்து விலையும் இறங்கியிருக்கிறது, ரத்தத்தை அடிக்கடி சோதிக்கவும் வேண்டாம். வால்வு சுருங்கிய பெண்ணுக்குப் பழைய மாத்திரைதான். எவருக்கு எது என்பதை வால்வைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். முகத்தைப் பார்த்தும் பையைப் பார்த்தும் சொல்ல முடியாது.

பழைய மாத்திரைக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஐ.என்.ஆர். என்ற ரத்தச் சோதனையில் எண் 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும். வால்வு மாற்றியவர்களில் சிலருக்கு இன்னும் சற்று மேலே. நிலைக்கு வரும்வரை அடிக்கடி, பிறகு மாதம் ஒரு முறையாவது பார்க்க வேண்டும். தோட்டத்துப் பெண்ணுக்கு அது ஒரு நாள் கூலி, பஸ் கட்டணம், வரிசை. மறுநாள் முடிவு வாங்க இன்னொரு கூலி. பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனைப் பக்கம் யானை நின்றால் பஸ்ஸும் நிற்கும். இரண்டு மாதம் போவாள், மூன்றாம் மாதம் போக மாட்டாள். அவளை அசட்டை என்று எழுதுகிற கேஸ் ஷீட்டைக் கிழித்துப் போட வேண்டும்.

விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து அங்கேயே எண்ணைச் சொல்லும் சிறு கருவி இருக்கிறது. கையில் தூக்கிப் போகலாம். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்று ஆரம்பித்து, ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் வீட்டு வாசலில் மாத்திரை கொடுக்க ஆள் அனுப்புகிறது. அந்தப் பெண்கள் லயன் வீடுகளுக்கும் வருகிறார்கள், கொதிப்பை அளக்கிறார்கள். அவர்கள் பையில் இந்தக் கருவியும் ஒன்று இருக்கட்டும். கொதிப்பை அளக்கும்போதே மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து ஒரு நிமிஷம் நாடி பார்க்கட்டும். நொண்டினால் கோத்தகிரி அரசு ஆஸ்பத்திரிக்கு ஒரு இ.சி.ஜி.க்குச் சீட்டு எழுதட்டும். மருந்துச் சீட்டில் 'இது துடிப்புக்கு', 'இது கட்டிக்கு, நாடி சரியானாலும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது' என்று தமிழில் இரண்டு வரி டாக்டர் எழுதட்டும். பேனாவில் மை இல்லையென்றால் நான் வாங்கித் தருகிறேன்.